நாக்கில் ஒட்டிய மணி

விருத்தாசலம்
7.6.1992

அன்புள்ள அண்ணனுக்கு வெண்மதி எழுதிக்கொண்டது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகிற கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். உனக்கு வருத்தமாக இருந்தாலும் எனக்கு வெட்கமாக இருந்தாலும் எதையும் விடமாட்டேன். பத்தாம் வகுப்புக்கு வந்ததும் செய்முறை நோட்டின் முதல் பக்கத்தில் 'பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே' என்று எழுதச் சொன்னார்கள். வீட்டு விஷயத்துக்கும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கல்லுக்கு மெருகு போடும் மெஷினை நம் வீட்டில் வைக்க முடியுமா, இடமும் கரண்டும் எப்படி என்று கேட்டிருந்தாய். அளந்துவிட்டேன். உன் அறை பதினோரு அடிக்கு ஒன்பதடி. சிமெண்டுத் தரை. வாசல் பக்கம் அரை விரல் சரிவு இருக்கிறது, கோலிக்குண்டு வைத்தால் உருண்டு ஓடுகிறது. ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்றே ஒன்றுதான். ரீடிங் எடுக்க வந்தவரைக் கேட்டேன், சிங்கிள் பேஸ்தான் என்றார்.

உன் அறையில் உன் லுங்கி ஒன்றும் சைக்கிள் பம்பும் இருக்கின்றன. நீ போய் ஒன்பது மாதமாகியும் அம்மா தினமும் ஆறரை மணிக்கு அங்கே ஜீரோ வாட் பல்பைப் போட்டுவிடுகிறாள். அப்பா வீட்டில் மற்ற விளக்குகளையெல்லாம் எட்டரைக்கு அணைப்பார், அதை மட்டும் அணைப்பதில்லை.

நீ போன அன்று பீங்கான் கம்பெனியில் நடந்ததை நான் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை. நீ பையில் ஒரு டஜன் கப்பு எடுத்துப்போனதை அப்பாவே கம்பெனி முதலாளியிடம் சொன்னார் என்பது ஊருக்குத் தெரிந்ததுதான்.

மெஷின் விஷயத்தை அப்பாவிடம் மறைக்க முடியாது. சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த ரூமு சும்மாதான கெடக்குது" என்றார். அம்மா, "அவன் வந்து ஓட்டுவானா, நாமளே ஓட்டணுமா?" என்று கேட்கிறாள். அதற்கு மட்டும் தெளிவாகப் பதில் எழுது.

வெண்மதி

----

காங்கேயம்
13.6.92

மதிக்கு,

கோலிக்குண்டு வைத்துத் தரை பார்த்த ஒரே ஆள் நீதான். இங்கே என் முதலாளி நடராசனிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார்.

அம்மாவுக்குப் பதில். இங்கே மூன்ஸ்டோன் என்கிற சந்திரகாந்தக் கல் வயலிலேயே கிடைக்கிறது. மெருகு போட ஆள் போதவில்லை. முதல் ஈடு நம் வீட்டில் ஓட்டிக் காட்டி, கல் நன்றாக வந்தால், மாதா மாதம் கல்லை என் பொறுப்பில் விருத்தாசலத்துக்கே அனுப்புவதாக முதலாளி ஒத்துக்கொண்டார். அப்போது நான் வீட்டோடு வந்துவிடுவேன். நன்றாக வராவிட்டால் ஜெய்ப்பூரில் அவர் பங்காளி வைத்திருக்கும் பட்டறைக்குப் போக வேண்டும். மூன்று வருஷம். ஆகஸ்ட் பத்துக்குள் அவர் கையில் கல் இருக்க வேண்டும். முதல் ஈட்டை நீதான் ஓட்ட வேண்டும், எனக்கு இங்கே லீவு இல்லை.

மெஷின் இரண்டு வகை. ஒன்று உருளுகிற டிரம். கம்பெனியில் உள்ளே குண்டு உருண்டு மண் அரைக்குமே, அந்த பால் மில்லுடைய குட்டி என்று வைத்துக்கொள். அதில் ஒரு மாதம் ஆகும், கல் உருண்டையாகிவிடும், மூன்ஸ்டோன் ஏடு ஏடாகப் பிளக்கும். இன்னொன்று அதிர்கிற மெஷின். கிண்ணம் சுற்றாது, நின்ற இடத்திலேயே நடுங்கும். அந்த நடுக்கத்தில் கல் தானாக நகர்ந்து ஒன்றோடொன்று உரசும். ஏழெட்டு நாளில் வேலை முடியும், கல்லின் உருவமும் போகாது. நமக்கு அதுதான்.

அதிலும் மூன்று பார்த்தேன். பெரியதற்கு த்ரீ பேஸ் வேண்டும். சின்னது இரண்டு கைப்பிடிக்கு மேல் கொள்ளாது. கோயம்புத்தூரில் பம்பு சாமான் தேய்த்துக்கொண்டிருந்த பழைய மெஷின் ஒன்று, அரைக் குதிரை மோட்டார், உன் ஐந்து ஆம்பியர் பிளக்குக்குச் சரியாக வரும். அதையே எடுத்துவிட்டேன். கிண்ணத்துக்குள் இருக்கும் ரப்பரை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ரப்பரில் கீறல் இருந்தால் சொரசொரப்புத் தூள் அதில் ஒளிந்துகொள்ளும், கடைசியில் மெருகு போடும்போது வெளியே வந்து கல்லைக் கீறும். ஒரு துகள் போதும், எல்லாம் பாழ். ரப்பர் சுத்தம்.

ஆனந்தராஜ்

----

விருத்தாசலம்
28.6.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

மெஷினும் கல்லும் தூளும் வந்துவிட்டன. லாரிக்காரர் வேப்பூர் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அம்மாவும் நானும் அங்கிருந்து பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தோம். கண்டக்டர், "என்னாம்மா இது, கல்யாணத்துக்கு இட்லி குண்டானா?" என்றார். அம்மா, "ஆமா, எம் புள்ள கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டாள். பொய்தான். ஆனால் அவள் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

மெஷினோடு வந்த சீட்டில் நீ எழுதியபடி அடிப்பாகத்து போல்டுகளை இறுக்கி, வெறும் மணலைக் கிண்ணத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஸ்விட்சு போட்டதும் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை மங்கித் திரும்பியது. மெஷின் நடக்க ஆரம்பித்தது. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி சரிவைப் பார்த்து வாசலுக்கே வந்துவிட்டது. பிளக் ஒயர் இழுத்து நின்றதால் தப்பித்தோம். பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா ஓடிவந்து, "உங்க வூட்ல என்னாடி, நெல்லு மிஷின் வச்சிட்டீங்களா? எங்க செவுத்துல மாட்டுன காலண்டரு ஆடுது!" என்றார்.

மறுநாள் அப்பா கம்பெனியிலிருந்து வந்தார். கை கால் கழுவவில்லை. நேராக உன் அறைக்குப் போனார். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். நான்கு சூளைக் கல், அவற்றின் மேல் லாரி டியூப் ரப்பரை நாலாக மடித்து வைத்து, சரிவுப் பக்கம் தகரம் சொருகி, மெஷினைத் தூக்கி வைத்தார். மறுபடி கிண்ணத்தின் விளிம்பில் தட்டு வைத்துப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை. இப்போது மெஷின் நடப்பதில்லை. காலண்டரும் ஆடுவதில்லை.

நீ அனுப்பிய கல்லில் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிவிட்டு, "இது பெல்ஸ்பாருதானடி? பீங்கானுக்கு நாங்க மாவா அரைக்கிறத இவன் பளபளன்னு ஆக்கப்போறானா?" என்று கேட்டார். கேலியா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெண்மதி

----

காங்கேயம்
4.7.92

மதி,

அவர் கை மெஷின் மேல் படக்கூடாது என்று எழுத நினைத்தேன். பட்டுவிட்டது. போகட்டும்.

இப்போது கவனமாகப் படி. நான் அனுப்பிய கல் கிண்ணத்தில் பாதிகூட வராது. கிண்ணம் முக்கால் பாகம் நிறைந்தால்தான் கல் புரளும், இல்லையென்றால் துள்ளி உடையும். மீதி இடத்துக்குச் சின்னப் பீங்கான் மணி போட வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்குள் கம்பியில் கோக்கிறார்களே, அந்த மணி. மூன்று கிலோ போதும். நம் ஊரில் அதற்கா பஞ்சம். கம்பெனியில் யாரையாவது கேள். அவரைக் கேட்காதே.

முதலில் 220 நம்பர் தூள், மூன்று நாள். அடுத்து 600, இரண்டு நாள். கடைசியில் மெருகுத் தூள், இரண்டு நாள். தண்ணீர் கரண்டிக் கணக்கில்தான் ஊற்ற வேண்டும். சேறு சாம்பல் நிறமாக வரும், தயிர் மாதிரி கல்லில் ஒட்டியிருக்க வேண்டும், மோர் மாதிரி ஓடக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார். இடையில் நிறுத்தினால் சேறு அடியில் படிந்து இறுகிவிடும். ஒவ்வொரு தூளும் முடிந்ததும் கல், மணி, கிண்ணம், உன் நகக்கண் வரை கழுவு. கழுவின தண்ணீரைச் சாக்கடையில் விடாதே, சிமெண்டு மாதிரி அடைத்துக்கொள்ளும். குழி தோண்டி ஊற்று.

ஒரு விஷயம். கப்பு நான் எடுத்தது நிஜம். சிநேகிதன் குமார் கல்யாணத்தில் கொடுக்க. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாருக்கும் எதிரில் என் பையைப் பிரிக்கச் சொன்னார். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எழுதுகிறேன்.

ஆனந்தராஜ்

----

விருத்தாசலம்
12.7.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

மணி கேட்கக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அர்ச்சுனன், "கோவிந்தராசு பொண்ணா நீ? ஒரு மணி வெளிய போனாலும் ஒங்கப்பாதான மொதல்ல எங்கள புடிப்பாரு" என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பிவிட்டேன். வீட்டில் அழுததை அப்பா பார்த்துவிட்டார். காரணம் கேட்டார், சொன்னேன். நீ அவரைக் கேட்காதே என்று எழுதியிருந்தாய், நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் அப்பாவே சாப்பாட்டுப் பையில் மணி எடுத்து வந்தார். "கழிவுக் குவியல்ல கெடந்தது. அர்ச்சுனங்கிட்ட பையத் தொறந்து காட்டிட்டுதான் எடுத்தாந்தேன். அதயும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மணி எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். கடுகை விடப் பெரியது, கொத்துமல்லி விதை அளவு. வெள்ளை. பளபளப்பு இல்லை, சாக்பீஸ் மாதிரி இருக்கிறது. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சட்டென்று ஒட்டிக்கொண்டது, பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வியாழன் காலை ஆறு மணிக்கு 220 தூள் போட்டு ஆரம்பித்தேன். பள்ளிக்கூட நேரத்தில் அம்மா பார்த்துக்கொண்டாள். கற்கள் வரிசையாக வட்டம் போட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. யாரும் தள்ளாமல் தேர் நகர்கிற மாதிரி. இன்று காலை நிறுத்திக் கழுவினேன். சேறு சாம்பல் நிறமாக வரும் என்று எழுதியிருந்தாய், இங்கே பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. மணிகள் கொஞ்சம் இளைத்திருக்கின்றன. ஏழு தண்ணீர் கழுவினேன். இப்படி இருக்கலாமா என்று உடனே எழுது. உன் பதில் வந்த பிறகுதான் 600 போடுவேன்.

வெண்மதி

----

காங்கேயம்
17.7.92

மதி,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் சரியாகத்தான் போகிறது. 600 போடு, பிறகு மெருகு. நேரம் இல்லை, ஆகஸ்ட் பத்து வந்துகொண்டிருக்கிறது.

இனிமேல் அவரைப் பற்றி எழுதாதே. மெஷினைப் பற்றி மட்டும் எழுது.

அம்மாவிடம் சொல், என் கட்டிலை வெயிலில் போடட்டும்.

ஆனந்தராஜ்

----

விருத்தாசலம்
26.7.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

முடிந்துவிட்டது. கட்டிலையும் வெயிலில் போட்டாயிற்று.

மெருகுத் தூள் போட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் ஓடியது. நேற்று நிறுத்தினோம். தண்ணீரில் இருக்கும்போது கற்கள் மீன் கண் மாதிரி மின்னின. அம்மா கை தட்டினாள். நீலாவதி அக்கா ஒரு கல்லை மூக்கில் வைத்துப் பார்த்து, "எனக்கு ஒண்ணு குடுங்கடி, ஒரு மாசமா காது செவிடானதுக்கு" என்றார். கொடுக்கவில்லை, எண்ணி அனுப்பியவை அல்லவா. அம்மா மட்டும் பதினேழு கல்லை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டாள், நீ வரும்போது உன் கையில் காட்ட வேண்டுமாம்.

காய்ந்த பிறகு மேலே ஆடை படிந்த மாதிரி லேசான மங்கல் இருந்தது. துணியால் துடைத்தேன். சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதக்கூடாது. துடைத்தேன், அவ்வளவுதான். எனக்கு லென்ஸ் கிடையாது.

பார்சல் நாளை புறப்படும். மணிகள் நாலைந்து கல்லோடு சேர்ந்து வரலாம், பிரிக்க முடியவில்லை.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை.

வெண்மதி

----

காங்கேயம்
2.8.92

வெண்மதிக்கு,

முதலாளி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு கல் பாக்கி இல்லாமல் கோடு. 220 தூள் போட்ட கோடு. பட்டறையில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மறுபடியும் நான் எல்லாருக்கும் எதிரில்.

நீ கழுவவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்சலில் கிடந்த மணியை எடுத்து உடைத்தேன். பிஸ்கட்! ஒரு சூடு மட்டும் கண்ட பிஸ்கட் மணி. உள்ளே ஊசித் துளையாக இருக்கும் அதில் 220 தூள் முழுக்கப் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. எத்தனை தண்ணீர் கழுவினாலும் போகாது. மெருகு போடும்போது மணி தேயத் தேய ஒவ்வொன்றாக வெளியே வந்து கல்லைப் பிராண்டியிருக்கிறது.

முப்பது வருஷம் சூளையில் நிற்கிறவருக்குப் பிஸ்கட்டுக்கும் வெந்த மணிக்கும் வித்தியாசம் தெரியாதா? கையில் எடுத்தாலே தெரியுமே. தெரிந்துதான் கொடுத்தார். மகன் திரும்பி வந்துவிடுவானோ என்று பயம். முதலாளியிடமும் அதைத்தான் சொன்னேன், எங்கப்பன் செய்த வேலை என்று.

பதினான்காம் தேதி ஜெய்ப்பூர் போகிறேன். அம்மா அழக்கூடாது.

ஆனந்தராஜ்

----

விருத்தாசலம்
6.8.1992

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒருமுறை மனதுக்குள், ஒருமுறை அம்மாவுக்குக் கேட்கும்படி. இரண்டாவது முறை படித்தபோது அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

உள்ளே வந்து, "மறுபடி படி" என்றார். படித்தேன்.

நான் கேட்டேன்: "அப்பா, அது பிஸ்கட்டுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? பிஸ்கட்டுதான கழிவுல கெடக்கும். வெந்தது சரக்குடி. சரக்குல கை வைக்கலாமா?"

"பிஸ்கட்டு போட்டா கல்லு கெட்டுப்போவும்னு?"

"மணி வேணும்னான். மணி கொண்டாந்தேன். கல்லு வேலயப் பத்தி எனக்கு என்னா தெரியும்? அவன் பிஸ்கட்டு கூடாதுன்னு எழுதுனானா?"

"எழுதலப்பா."

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார், மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார், வெளியே போய்விட்டார். சாப்பிடவில்லை. அம்மா என்னைத் திட்டினாள், "ஏண்டி இப்பிடி சத்தமா படிச்ச?" என்று.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். 12.7 தேதிக் கடிதத்தை எடு. முதல் பத்தியில் மணி கழிவுக் குவியலில் கிடந்தது என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தியில் சாக்பீஸ் மாதிரி இருக்கிறது, நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. நீ நாலு வருஷம் கம்பெனியில் வேலை செய்தவன். நாக்கில் ஒட்டுவது பிஸ்கட், ஒட்டாதது வெந்தது என்று நான் எட்டாம் வகுப்பு படித்தபோது என்னிடம் உடைந்த சாஸரை நக்கிக் காட்டியது நீதான், அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சேறு பால் மாதிரி வருகிறது, மணி இளைக்கிறது என்றும் எழுதினேன். இருக்கலாமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஐந்து நாளைக்கு மேல் மெஷினை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நீ எழுதினாய்.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். நீ படிக்கவில்லை.

அப்பா மீது சொன்னதை முதலாளியிடம் திருப்பிச் சொல். அதன் பிறகு ஜெய்ப்பூர் போ.

வெண்மதி

----

காங்கேயம்
12.8.92

வெண்மதி,

கார்டில் இடம் இல்லை. 12.7 கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாக்கு இருக்கிறது. 'அப்பாவே மணி எடுத்து வந்தார்' என்று வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். அதற்குக் கீழே படிக்கவில்லை. படித்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

முதலாளியிடம் திருப்பிச் சொல்ல மாட்டேன். என் பையைப் பிரிக்கச் சொன்ன அன்று அவர் என்னைக் கேட்டாரா? கேட்காமல்தானே சொன்னார். நானும் கேட்காமல் சொல்லிவிட்டேன். சரிக்குச் சரி.

போய்ச் சேர்ந்து விலாசம் எழுதுகிறேன். மெஷினைக் கொடுத்துவிடு.

ஆனந்தராஜ்

----

விருத்தாசலம்
30.8.1992

அண்ணனுக்கு,

உன் விலாசம் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், முதல் கடிதத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சென்ற வாரம் சனிக்கிழமை அப்பா மூன்று கிலோ மணி கொண்டுவந்தார். வெந்த மணி. கண்ணாடிப் பூச்சோடு, கையில் அள்ளினால் மழை மாதிரி சத்தம். கூடவே ஒரு காகிதம். கம்பெனி சீல் குத்திய பில். நான் மணியைப் பார்ப்பதற்கு முன்னால் பில்லைக் காட்டினார். "அவனுக்கு எழுது. பில்லு இருக்குதுன்னு எழுது." ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது.

யாருக்கு அனுப்பப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. அம்மா டப்பாவைத் திறந்து பதினேழு கல்லையும் கொடுத்தாள். கிண்ணம் முழுக்க மணி, நடுவில் பதினேழு கல். 220-இலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். பழைய தூள் எங்கேயும் ஒளிந்திருக்கக்கூடாது என்று அப்பா கிண்ணத்தின் ரப்பரைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். இந்த வாரம் சாயங்காலங்களில் அவர் வேறு எங்கும் போகவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நீ எழுதியதை அவர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டார்.

இன்று மாலை நிறுத்திக் கழுவி, காயவைத்து, அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஈரத்தில் பார்த்து இனி ஏமாற மாட்டேன். தபால் ஆபீஸ் பழமலை அண்ணனிடம் லென்ஸ் இரவல் வாங்கி வைத்திருந்தேன். கோடு இல்லை. பதினேழிலும் இல்லை. கல்லைத் திருப்பினால் உள்ளே ஒரு நீலம் நகர்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பா ஒன்றை ஜீரோ வாட் பல்புக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெல்ஸ்பாருக்குள்ள இது இருந்திருக்குதுடி. முப்பது வருசமா மாவாக்கிட்டிருந்திருக்கேன்" என்றார்.

பிறகு, "அவங்கிட்டேருந்து ஏதாவது வந்துதா?" என்று கேட்டார்.

இங்கே ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். உன் கார்டை எடுத்து, அதில் இல்லாததைப் படித்தேன். 'அப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்துகொண்டேன். அப்பா மேல் எனக்கு வருத்தம் இல்லை. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.' இப்படி மூன்று வரி. நிறுத்தாமல் படித்தேன்.

அப்பா கடைசிவரை கேட்டார். "நல்லா படிக்கிற" என்றார். கையிலிருந்த கல்லைத் திருப்பிக்கொண்டே, "அவன் எழுத்து அப்பிடி இருக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கார்டைக் கையில் வாங்கிப் பார்க்கவும் இல்லை. கல்லை டப்பாவில் போட்டு மூடினார். பில்லை நாலாக மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தார். மெஷின் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றினார். நீ கொடுத்துவிடச் சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது மணி எட்டரை. கூடத்து விளக்கையும் சமையல்கட்டு விளக்கையும் அப்பா வழக்கம்போல அணைத்துவிட்டார். உன் அறையின் வெளிச்சத்தில் வாசல்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா வந்து நிற்கிறாள். எழுதி முடித்தாயா என்று கேட்கிறாள். ஸ்விட்சில் கை வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு வரி என்று சொன்னேன்.

அம்மா அந்த விளக்கையும் அணைத்துவிட்டாள், இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.